சுழலும் பிணைப்பும் இரு சிகரங்களும்

இரசாயன சாலைகளில் நாள்தோறும் பயன்படும் திரவங்களுள் டைமெத்தில் பார்மமைடு என்பதும் ஒன்று. இதன் மூலக்கூறு மிகச் சிறியது. ஒரு கார்பன் அணு ஓர் ஆக்ஸிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும் தாங்கி, ஒரு நைட்ரஜனோடு பிணைந்து நிற்கும். அந்நைட்ரஜன் இரண்டு மெத்தில் தொகுதிகளைத் தாங்கும். இதனைத் தாளில் வரைந்து பார்ப்பவர் அவ்விரு மெத்தில்களுக்குமிடையே யாதொரு வேற்றுமையுங் காணார். இரண்டும் ஒரே நைட்ரஜனைப் பற்றியவை. இரண்டும் ஒரே அமைப்பினவை. ஆயினும் இத்திரவத்தை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்து நிறமாலை எடுத்தால், மெத்திலுக்குரிய இடத்தில் ஒரு சிகரத்துக்குப் பதிலாக, ஒத்த பரப்புடைய இரண்டு சிகரங்கள் அருகருகே தோன்றும்.

முதன்முறை இதனைக் காணும் மாணவர், பொருள் தூயதன்று என்றே கருதுவர். மீண்டுங் காய்ச்சி வடிப்பர். சிகரங்கள் இரண்டாகவே நிற்கும். கருவியினுள்ளே அத்திரவத்தைச் சிறிது சிறிதாகச் சூடேற்றினாலோ, அவை அகன்று, தாழ்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, 120 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஒன்றாகிவிடும். மேலுஞ் சூடேற்ற அவ்வொரு சிகரம் கூர்மையடையும். குளிரவிட்டால் பழையபடி இரண்டாகும். சூட்டில் மறைந்து குளிரில் திரும்பி வருவது அழுக்கின் இயல்பன்று. இதற்குக் காரணம் மூலக்கூறினுள்ளே ஒரு பிணைப்புச் சுழல்வதேயாகும். அச்சுழற்சியின் வேகத்தை இச்சிகரங்களைக் கொண்டு அளப்பது எங்ஙனம் என்பதையும், அவ்வாறு பெறும் எண்ணை எத்துணைத்தூரம் நம்பலாம் என்பதையும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்பன என்று 1874-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வான்ட் ஹாஃப் உரைத்தார். அவரது கொள்கைப்படி, ஒற்றைப் பிணைப்பு அச்சில் மாட்டிய சக்கரம்போல் தடையின்றிச் சுழலும். இரட்டைப் பிணைப்போ சுழலாது. மலேயிக் அமிலமும் பியூமரிக் அமிலமும் ஒரே அணுக்களாலாகியும் வெவ்வேறு பொருள்களாக நிற்பது இரட்டைப் பிணைப்பின் இறுக்கத்தினாலாம். இப்பாகுபாடு கற்பிக்க எளிது. ஆனால் இயற்கை அவ்வளவு எளிதாகப் பிரிந்து நிற்கவில்லை. 1922-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டி, கென்னர் என்னும் இருவர், இரண்டு பென்சீன் வளையங்கள் ஓர் ஒற்றைப் பிணைப்பால் இணைந்த ஓர் அமிலத்தை ஆராய்ந்தனர். வளையங்களின் ஓரங்களிலுள்ள பருத்த தொகுதிகள் ஒன்றோடொன்று முட்டுவதால் அவ்வொற்றைப் பிணைப்புச் சுழல இயலாமற்போய், பொருளும் அதன் கண்ணாடிப் பிம்பமுமாகிய இரு வடிவங்களைத் தனித்தனியே பிரிக்க முடிந்தது. மறு கோடியில், 1936-இல் கெம்ப், பிட்சர் என்போர் ஈதேன் வாயுவின் உஷ்ணக் குணங்களைக் கணக்கிட்டு, அதன் ஒற்றைப் பிணைப்புங்கூட முற்றும் தடையின்றிச் சுழல்வதன்று, சுமார் 3 கிலோகலோரி உயரமுள்ள ஒரு மேட்டை ஏறி இறங்கியே சுழல்கின்றது என்று காட்டினர். இங்கு கிலோகலோரி என்று கூறுவதெல்லாம் ஒரு மோல் பொருளுக்கு என்று கொள்க.

மேடு 3 கிலோகலோரியாயின் சாதாரண உஷ்ணத்தில் பிணைப்பு வினாடிக்கு ஆயிரங்கோடி முறைகளுக்கு மேல் சுழலும். மேடு 30 கிலோகலோரியாயின் ஒரு முறை சுழல ஆண்டுகள் பல செல்லும். அவ்வடிவங்களைக் கையாற் பிரித்துச் சீசாவில் அடைத்து வைக்கலாம். இவ்விரு கோடிகளும் அறிஞருக்குப் புலனாயின. இடைப்பட்ட நிலமோ இருண்டு கிடந்தது. வினாடிக்கு ஒரு முறையோ நூறு முறையோ ஆயிரம் முறையோ சுழலும் பிணைப்பு, பிரித்தெடுப்பவன் கைக்கு மிக விரைவானது. வெப்பக் கணக்கனுக்கோ அதன் அடையாளமே புலப்படாது. அவ்விருண்ட நிலத்துக்கு விளக்காக வந்தது காந்த ஒத்ததிர்வு முறையே.

அம்முறையின் அடிப்படையைச் சுருங்கக் கூறுவோம். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம். அது தற்சுழற்சியும் உடையது. சுழலும் பம்பரம் சாயும்போது விழுந்துவிடாமல் தலையை வட்டமாக ஆட்டுவதை எல்லாருங் கண்டிருப்பர். வலிய காந்தத்தின் இடையே வைக்கப்பட்ட கருவும் அவ்வாறே தலையாட்டுகின்றது. அவ்வாட்டத்தின் வேகம் காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது, 1.4 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 6 கோடி முறை, அதாவது 60 மெகாஹெர்ட்ஸ். அதே வேகமுள்ள ரேடியோ அலையை அனுப்பினால் கரு அதனை ஏற்கும். அவ்வேற்பே நிறமாலையில் சிகரமாகப் பதிகின்றது. திரவத்திலும் திடப்பொருளிலும் இதனை 1945-46-இல் அமெரிக்காவில் கண்டறிந்தவர்கள் ஸ்டான்போர்டில் பிளாக் என்பவரும் ஹார்வர்டில் பர்செல் என்பவருமாவர். இருவரும் 1952-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பௌதிகர் நாடியது கருவின் காந்த அளவையே. ஒரே வகைக் கரு எந்தப் பொருளில் இருப்பினும் ஒரே வேகத்தில் ஆடவேண்டுமென்று அவர்கள் எதிர்பார்த்தனர். அங்ஙனம் நிகழவில்லை. 1950-இல் பிராக்டர், யூ என்போர் அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜனுக்கு ஒன்றன்றி இரண்டு சிகரங்களைக் கண்டு வியந்தனர். கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் காந்தத்தைச் சிறிதளவு மறைப்பதால், கருவின் ஆட்டம் அதன் சுற்றுப்புறத்துக்கேற்ப மாறுகின்றது. பௌதிகருக்குத் தொல்லையாயிருந்த இதுவே இரசாயனிகளுக்குப் புதையலாயிற்று. 1951-இல் ஆர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு ஆகிய மூவர் சாராயத்தின் நிறமாலையில் மெத்தில், மெத்திலீன், ஹைட்ராக்ஸில் என்னும் மூன்றுக்கும் மூன்று சிகரங்களைக் காட்டினர். இவர்களுள் தர்மட்டி என்பார் நம் நாட்டவர். பின்னர்ப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையைத் தொடங்கி வளர்த்தவரும் அவரே.

இனி, டைமெத்தில் பார்மமைடுக்குத் திரும்புவோம். அதன் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே தாளில் வரைவது ஒற்றைக் கோடு. உண்மையிலோ, நைட்ரஜனிடமுள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டை கார்பனை நோக்கிச் சாய்ந்து, அப்பிணைப்பைப் பாதி இரட்டைப் பிணைப்பாக்கிவிடுகின்றது. சாதாரண கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.47 ஆங்ஸ்ட்ராம், அமைடுகளில் அது 1.33 முதல் 1.35 வரை குறுகி நிற்பதே இதற்குச் சான்று. ஆகவே அணுக்கள் ஒரே தளத்தில் அமைகின்றன. மெத்தில்களுள் ஒன்று ஆக்ஸிஜனின் பக்கமாகவும் மற்றொன்று ஹைட்ரஜனின் பக்கமாகவும் நிற்கின்றன. சுற்றுப்புறம் வேறாதலின் ஆட்டத்தின் வேகமும் வேறு. ஆகையால் சிகரம் இரண்டு. பிணைப்பு அரைவட்டம் சுழன்றால் இரு மெத்தில்களும் இடம் மாறிக்கொள்ளும்.

அவை இடம் மாறுவதனால் சிகரங்கள் ஏன் ஒன்றாகவேண்டும்? இருளில் ஒரு கொள்ளிக்கட்டையை மெல்லச் சுற்றினால், கொள்ளி இன்ன இடத்தில் உள்ளதென்று ஒவ்வொரு கணமுஞ் சொல்லலாம். விரைந்து சுற்றினால் கொள்ளி மறைந்து கொள்ளிவட்டமே தோன்றும். இவ்வுவமை பாதிதான் பொருந்தும். என்னையெனின், கொள்ளிவட்டம் நம் கண்ணின் குறையால் தோன்றுவது. இங்கு நேர்வதோ எத்துணைச் சிறந்த கருவியாலும் நீக்கவொண்ணாதது. இன்னும் பொருத்தமானது தம்புராவின் உவமை. ஏறக்குறைய ஒரே சுருதியிலுள்ள இரண்டு தந்திகளை மீட்டி, அவை ஒத்துள்ளனவா என்று அறியச் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டேயாகவேண்டும். வினாடிக்குப் பத்து அதிர்வுகள் வேறுபடும் தந்திகளாயின், பத்திலொரு வினாடிக்கும் குறைவாகக் கேட்பவன் எத்துணை நுண்செவியனாயினும் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல இயலாது. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் நம் இரண்டு மெத்தில்களின் வேறுபாடும் வினாடிக்குச் சுமார் 9.6 அதிர்வுகளே. ஒரு மெத்தில் தன் சுருதியை அவ்வளவு நேரம் இசைத்து முடிக்குமுன்னரே மற்றதன் இடத்துக்கு மாறிவிடுமாயின், கேட்கப்படுவது இரண்டின் சராசரியான ஒரே சுருதிதான். மெல்ல மாறும்போது சிகரங்கள் இரண்டு. விரைந்து மாறும்போது ஒன்று. இரண்டுமல்லாத நடுநிலையில் அகன்று சரிந்த ஒரு மேடு.

இரண்டு ஆறுகள் சேருமிடத்தைக் கூடல் என்பது நம் வழக்காதலின், இரு சிகரங்களும் ஒன்றாகும் உஷ்ணநிலையைக் கூடல் உஷ்ணநிலை எனலாம். அந்நிலையில் சுழற்சியின் வேகம் யாதென்பதைக் கணித நூல் மிக எளிதாகக் கூறுகின்றது. சம அளவினவாய், தம்முள் வேறு பிளவற்ற இரு சிகரங்களுக்கு, அவற்றின் இடைவெளியை 2.22-ஆல் பெருக்குக; அவ்வளவே. இடைவெளி 9.6 எனின் வேகம் வினாடிக்கு 21 முறை. 120 டிகிரியில், அதாவது தனி அளவில் 393 டிகிரியில், ஒரு பிணைப்பு வினாடிக்கு 21 முறை சுழலவேண்டுமாயின் மேட்டின் உயரம் என்ன என்று ஐரிங்கின் சமன்பாட்டைக் கேட்டால், ஏறக்குறைய 21 கிலோகலோரி, அதாவது 88 கிலோஜூல், என்று விடை வரும். இவ்வெண்ணைக் கொண்டு வேறு உஷ்ணங்களிலும் வேகத்தைக் கணிக்கலாம். 25 டிகிரியில் இதே பிணைப்பு ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒரு முறையே சுழல்கின்றது! சீசாவில் அசைவற்றிருக்கும் திரவத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் இவ்வாறு ஆறஅமரத் திரும்பிக்கொண்டிருப்பதை, எவ்விதத்திலும் பிரித்தெடுக்காமல், தொடாமல், நாம் அறிந்துகொள்கின்றோம்.

ஈண்டு மாணவர்கள் அடிக்கடி இடறும் ஓர் இடத்தைச் சுட்டவேண்டும். கூடல் உஷ்ணநிலை, கொதிநிலையைப்போலவோ உருகுநிலையைப்போலவோ பொருளுக்கே உரிய குணமன்று. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதே இரண்டு மெத்தில்களின் இடைவெளி 64 அதிர்வுகளாக விரிந்துவிடுகின்றது. அவற்றை ஒன்றாக்க வினாடிக்கு 140 முறைக்கு மேல் சுழற்சி வேண்டும். அதற்கு 150 டிகிரி வரை சூடேற்றவேண்டும். இத்திரவமோ 153 டிகிரியில் கொதித்துவிடும். கருவி மாறினால் கூடல் மாறும். மேட்டின் உயரம் மட்டும் மாறாது. ஆதலால் எந்தக் கருவியில் அளந்தது என்று குறிக்காமல் கூடல் உஷ்ணநிலையை மட்டும் எழுதி வைப்பது பயனற்ற வேலை.

இனி இவ்வளவையின் வரலாற்றில் மிகவும் படிப்பினை தரும் பகுதிக்கு வருகின்றோம். அமைடுகளில் இவ்விரட்டைச் சிகரத்தை 1955-இல் பிலிப்ஸ் என்பார் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டிலேயே இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த குடவ்ஸ்கி, ஹோம் என்னும் இருவர், பல உஷ்ணங்களில் நிறமாலை எடுத்து, சுழற்சியின் வேகத்தைக் கணித்து, மேட்டின் உயரத்தை முதன்முதலாக வெளியிட்டனர். டைமெத்தில் பார்மமைடுக்கு அவர்கள் தந்த எண் 7 கிலோகலோரி, கூடக்குறைய 3. பின்னாளில் பலர் பலமுறை அளந்து உறுதிசெய்த எண்ணோ 21-ஐ ஒட்டியது. மூன்று மடங்கு வேற்றுமை! அவர்கள் கவனக்குறைவுடையோர் அல்லர், இத்துறைக்கே வழிகாட்டிகள். பின் எங்கே தவறிற்று?

மேட்டின் உயரத்தைக் காண இரண்டு வழிகளுண்டு. ஒன்று, மேலே நாம் செய்ததுபோல் ஓர் உஷ்ணநிலையில் வேகம் யாதென்று அறிந்து அதினின்று நேரே கணிப்பது. மற்றொன்று, உஷ்ணம் ஏற ஏற வேகம் எவ்வளவு ஏறுகின்றதென்று பார்த்து, அவ்வேற்றத்தின் சாய்விலிருந்து கணிப்பது. 1956-இல் கையாளப்பட்டது இரண்டாவது வழி. இது நூல்களில் அழகாகத் தோன்றும், நடைமுறையில் வழுக்கும். குளிர்ந்த நிலையில் சிகரம் சிறிது அகன்றிருப்பதற்குச் சுழற்சியே காரணமன்று. காந்தம் எங்கும் ஒரே சீராக இராமையும், அண்டைக் கருக்களின் பிணக்கால் நேரும் நுண்பிளவும் காரணங்களாம். அவ்வகலத்தையும் சுழற்சியின் கணக்கிலேயே எழுதினால், குளிரில் வேகம் உள்ளதைவிட மிகுந்து தோன்றும். மிகுந்த சூட்டில் எஞ்சி நிற்கும் அகலத்தை, சுழற்சி போதிய விரைவின்றியிருப்பதாகக் கொண்டால், அங்கே வேகம் குறைந்து தோன்றும். ஒரு கோடி உயர்ந்து மறு கோடி தாழ, சாய்வு தானே படுத்துவிடுகின்றது. அளக்கக்கூடிய உஷ்ண எல்லையும் குறுகியதாதலின் இச்சிறு பிழைகள் பெரும்பிழையாய் முடிந்தன.

முதல் வழியோ வியக்கத்தக்க உறுதியுடையது. கூடலில் வேகத்தை நாம் இரண்டு மடங்காகத் தவறாக மதித்துவிட்டாலும் மேட்டின் உயரம் அரைக் கிலோகலோரிதான் பிழைபடும். உஷ்ணத்தை 2 டிகிரி தவறாகப் படித்தாலும் பிழை பத்திலொரு கிலோகலோரியே. எளிய வழியென்று சிலர் இகழும் வழியே இங்கு நம்பத்தக்கது. மிகுதியான புள்ளிகளைக் கொண்டு கோடு வரைந்ததனால் மட்டும் ஓர் அளவு மேன்மையடைந்துவிடாது.

இவ்வழுக்களை வகைப்படுத்தி, எந்தப் பிழை எப்பக்கம் இழுக்கும் என்று விரிவாக ஆராய்ந்த கட்டுரையொன்று 1966-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்கள் அல்லர்ஹாண்டு, குடவ்ஸ்கி, ஜோனாஸ், மெயின்சர் என்போர். பத்தாண்டுகளுக்குமுன் அவ்வேழு கிலோகலோரியை வெளியிட்ட குடவ்ஸ்கியே இவர்! அதன்பின், சிகரத்தின் உயரத்தையோ இடைவெளியையோ மட்டும் பாராமல், அதன் முழு உருவத்தையும் கணிப்பொறியால் வரைந்து, பரிசோதனையில் பெற்ற உருவத்தோடு பொருத்திப் பார்க்கும் முறை நிலைபெற்றது. இன்று செய்யப்படுவதும் அதுவே.

பரிசோதனையில் இறங்குவோருக்குச் சில குறிப்புகள். கருவியின் முகப்பில் காட்டும் உஷ்ணம் குழாயினுள்ளிருக்கும் திரவத்தின் உஷ்ணமன்று. அதனை அறியக் குளிர்நிலைகளில் மெதனாலையும் சூட்டுநிலைகளில் எதிலீன் கிளைக்காலையும் தனிக் குழாயில் வைத்து அளப்பது வழக்கம்; அவற்றின் ஹைட்ராக்ஸில் சிகரம் மற்றதனின்றும் எவ்வளவு விலகி நிற்கின்றதென்பது உஷ்ணத்துக்கேற்ப ஒழுங்காக மாறுவதால், அவையே வெப்பமானிகளாகின்றன. ஒவ்வோர் உஷ்ணத்திலும் சில நிமிடங்கள் பொறுத்தே நிறமாலை எடுத்தல் வேண்டும். இம்முறை எட்டும் எல்லை ஏறக்குறைய 5 முதல் 25 கிலோகலோரி வரை. ஈதேனின் மூன்று கிலோகலோரி மேடு, திரவத்தை உறையச்செய்யும் குளிரிலும் இதற்கு அகப்படாது. மேடு உயர்ந்து சிகரங்கள் கூட மறுத்தால் வேறோர் உபாயமுண்டு. 1963-இல் போர்சேன், ஹாப்மன் என்போர் கண்ட வழி அது: ஒரு சிகரத்தை மட்டும் வலிய ரேடியோ அலையால் அடக்கி வைத்து, மற்றது தேய்கின்றதா என்று பார்ப்பது. ஓர் ஊற்றில் சாயமிட்டு, அது மற்றோர் ஊற்றில் தோன்றுகின்றதா என்று பார்ப்பதை இஃது ஒக்கும்.

ஒரு சிறு கரைப்பானின் பிணைப்பை அளப்பதற்கு இத்துணைப் பாடு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். நம் உடலிலுள்ள புரதம் ஒவ்வொன்றும் இதே அமைடுப் பிணைப்பால் கோக்கப்பட்ட மாலையாகும். அம்மாலையில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் மூன்று பிணைப்புகள் உண்டு. அவற்றுள் அமைடுப் பிணைப்பு எளிதில் சுழலாமையால், மாலையின் உருவத்தை மற்ற இரண்டின் கோணங்களே தீர்மானிக்கின்றன. சென்னைச் சர்வகலாசாலையில் கோ. நா. இராமச்சந்திரனும் அவரோடு இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம், இரண்டே கோணங்களால் ஒரு தாளில் அடங்கி நிற்பது இக்காரணத்தாலன்றோ?

புரோலின் என்னும் அமினோ அமிலம் சேர்ந்த இடத்தில் அமைடுப் பிணைப்பின் இரு நிலைகளும் ஏறக்குறைய ஒத்த வலிமையுடையன. எனவே மாலை மடிந்து உருவம் பெறும்போது, தவறான நிலையில் நிற்கும் புரோலின் திரும்பும்வரை அது காத்திருக்க நேர்கின்றது. சில புரதங்கள் ஒரு பகுதி விரைந்தும் ஒரு பகுதி நிமிடக்கணக்கில் தாமதித்தும் மடிவதற்கு இதுவே காரணமாகலாமென்று பிராண்ட்ஸ் முதலியோர் 1975-இல் கூறினர். அத்திருப்பத்தை விரைவுபடுத்தும் நொதியொன்றை 1984-இல் ஜெர்மனியில் பிஷர் முதலியோர் கண்டனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் வழங்கும் சைக்ளோஸ்போரின் மருந்து சென்று பற்றும் புரதமும் இந்நொதியும் ஒன்றே என்று 1989-இல் தெரியவந்தது. புரோலின் சேர்ந்த பொருள்களை ஆக்கும் மாணவருக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. அவற்றின் நிறமாலையில் சிகரங்கள் சமமற்ற இரண்டு தொகுதிகளாகத் தோன்றினால், பத்தியில் ஊற்றி மீண்டும் மீண்டும் சுத்திசெய்து நாள் கழிப்பதற்குமுன், ஒரு முறை சூடேற்றிப் பார்த்தல் நலம். சிகரங்கள் சமமற்றவையாதலின் 2.22 என்னும் எளிய கணக்கு அங்கே பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

மருந்து செய்வோருக்கு இம்மேட்டின் உயரம் இன்னும் இன்றியமையாதது. பிணைப்பின் இரு புறமும் உள்ள வடிவங்களுள் ஒன்று நோயைத் தீர்க்க, மற்றொன்று பயனற்றிருக்கலாம். மேடு 20 கிலோகலோரிக்குக் கீழாயின் இரண்டும் நொடிப்பொழுதில் மாறிக்கொள்ளும். ஒரே மருந்தாகவே கொள்ளலாம். 30-க்கு மேலாயின் ஆண்டுக்கணக்கில் மாறா. தனித்தனி மருந்துகளாகவே ஆளலாம். இடைப்பட்ட உயரமே இடர் தருவது: ஆய்வுச்சாலையில் தூயதாயிருந்த பொருள் அலமாரியிலோ நோயாளியின் குருதியிலோ மெல்லக் கலவையாகிவிடும். 2011-இல் லாப்ளாண்ட் முதலியோர் இம்மூன்று வகையையும் வரையறுத்து, புதிய மருந்துப் பொருள்களின் சுழற்சித் தடையைத் தொடக்கத்திலேயே அளந்தறிய வேண்டுமென வற்புறுத்தினர். 2021-இல் அமெரிக்காவில் நுரையீரற் புற்றுநோய்க்கென ஒப்புதல் பெற்ற சோட்டோராசிப் என்னும் மருந்தில், பருத்த தொகுதிகளின் இடையே அகப்பட்ட ஓர் ஒற்றைப் பிணைப்பு உளது. அதன் மேடு காந்த ஒத்ததிர்வில் சூடேற்றி அளக்கும் எல்லையைக் கடந்தது. ஆகவே 1922-இல் கிறிஸ்டியும் கென்னரும் செய்ததுபோல் அதன் இரு வடிவங்களும் தனியே பிரிக்கப்பட்டு, ஒன்று மட்டுமே மாத்திரையாகின்றது.